கோமதிக்கு நன்னடத்தை விசாரணை

வாங்க ஏட்டையா, உள்ள வாங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உட்காருங்க. நேத்தே வருவீங்கனு சொன்னாங்க. நேத்து முழுக்க மாவு ஆட்டாம வாசலையே பார்த்துட்டு இருந்தேன். வந்தீங்களா? வரலை. கேட்டா நான் சண்டைக்காரி. பரவாயில்லை, இன்னைக்காவது வந்தீங்களே.

ஆமா, கோமதி என் மகதான். ஒரே பொண்ணு. நான் சண்முகவடிவு, இட்லி மாவு வியாபாரம். அந்தா கட்டில்ல உட்கார்ந்திருக்காரே, அவருதான் அவ அப்பா. ஷேர் ஆட்டோ ஓட்டுறாரு. வாயைத் திறக்க மாட்டாரு. அதனால எதைக் கேட்கணும்னாலும் என்கிட்ட கேளுங்க. கோமதி கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போயிருக்கா.

என்னங்க? அவ வரட்டுமா? அவ வந்து என்ன பேசப்போறா? கேட்ட கேள்விக்கு ஆமா, இல்லைனு ரெண்டு வார்த்தை சொல்லிட்டு கம்ப்யூட்டரைத் திறந்துடுவா. பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், ஏட்டையா எதுக்கு அவளுக்காகக் காத்துக்கிடக்கணும்? நீங்க கேளுங்க ஏட்டையா.

என்ன வேலைனு போட்டிருக்கு உங்க பேப்பர்ல? தட்டச்சர். அதுவும் தற்காலிகத் தட்டச்சர். படிக்கும்போதே உங்களுக்கு வயிறு எரியலையா? எனக்கு எரியுது. இந்த ஊருக்குத் தண்ணியைத் திருப்பிக் கொண்டுவந்தவளுக்கு டைப் அடிக்கிற வேலை!

போன ஐப்பசியில தண்ணி நின்னுச்சே, ஞாபகம் இருக்கா? வெளிய மழை ஊத்துது, குழாயைத் திறந்தா காத்து வருது. மோட்டார் போச்சுனு சொன்னாங்க. குழாய் உடைஞ்சு போச்சுனு சொன்னாங்க. அப்புறம் டிவியில வருது, இங்க மட்டும் இல்லையாம், வடக்க எங்கேயோ கரண்டு இல்லையாம், இன்னொரு ஊர்ல ரயில் நிக்குதாம். எவனோ கண்காணாத தேசத்துல உட்கார்ந்துக்கிட்டு நம்ம கம்ப்யூட்டருக்குள்ள புகுந்து பூட்டுப் போட்டுட்டானாம். எனக்கு ஒண்ணும் விளங்கலை. தண்ணி இல்லைனா மாவு இல்லை, அது மட்டும் விளங்குச்சு. லாரி வந்தப்போ எதிர்வீட்டு மரகதம் என் குடத்தைக் காலால எத்தி நசுக்கிட்டா. நான் அவ தலைமுடியைப் பிடிச்சேன், இல்லைங்கலை. அக்கம்பக்கத்துல விசாரிக்கணும்னா அவ வீட்டை மட்டும் விட்டுடுங்க.

அந்த டிவியைப் பார்த்துக்கிட்டே கோமதி சொன்னா, "நான் ஆடி மாசமே எழுதிப் போட்டேன், எந்த லூசும் படிக்கலை"னு. தண்ணி ஆபீஸுக்கு மெயில் போட்டிருக்கா. உங்க கம்ப்யூட்டர் திறந்து கிடக்குது, பூட்டுங்கனு. யாரு படிப்பா? நான் அவளைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுத் தண்ணி ஆபீஸுக்கே போனேன். அங்க இஞ்சினியரு, "அம்மா, லாரி வேணும்னா நகராட்சியில போய்ச் சொல்லுங்க"ங்கிறாரு. நான் போட்ட சத்தத்துல மாடியில இருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தாங்க. மெட்ராஸ்ல இருந்து வந்திருந்த சைபர் பிரிவு போலீஸ் மேடம். "ஆடி மாசம் மெயில் போட்ட பொண்ணு நீயா?"னு கேட்டாங்க. ஆமா ஏட்டையா, அவங்க ஒருத்தங்கதான் அந்த மெயிலைத் தேடி எடுத்துப் படிச்சவங்க. கும்பிடணும் அவங்களை.

கோமதியை உட்கார வச்சாங்க. இந்த இஞ்சினியரு பக்கத்துல நின்னுக்கிட்டு அதை அமுக்கு, இதை அமுக்குனு. இவ என்ன சொன்னா தெரியுமா? "சார், நீங்க மவுஸை விட்டுட்டு ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, அதுவே பெரிய உதவி." அவளுக்கு வாய்க் கொழுப்பு. யார்கிட்ட இருந்து வந்துச்சோ தெரியலை, இவரும் பேச மாட்டாரு. ஆனா மறுநாள் சாயங்காலம் குழாயில புஸ்ஸு புஸ்ஸுனு காத்து வந்து, செம்மண்ணாட்டம் தண்ணி வந்துச்சு பாருங்க, நான் தெருவுல நின்னு அழுதேன். மரகதமும் அழுதா. அப்பக்கூட நாங்க பேசிக்கலை.

மேடம் இந்த வீட்டுக்கே வந்தாங்க. நீங்க உட்கார்ந்திருக்கிற இடத்துலதான் உட்கார்ந்தாங்க. "இந்தப் பொண்ணு எங்ககூட இருக்கணும்மா, இவளை மாதிரி ஆள் எங்ககிட்ட இல்லை"ன்னாங்க. இல்லைனு அவங்களே சொல்றாங்க. அப்ப எடுத்துக்க வேண்டியதுதானே? உப்பு இல்லைனா கடையில போய் வாங்கறோம், உப்பு வாங்க ஒரு கமிட்டி போடுவோமா?

கலெக்டர் ஆபீஸ்ல ஒரு கண்ணாடிக்காரரு இருக்காரு. ஃபைலைவிட்டுத் தலையைத் தூக்கவே மாட்டாரு. "டிகிரி இருக்கா?" இல்லை. "வேலைவாய்ப்பு ஆபீஸ்ல பதிவு?" இல்லை. "பதிஞ்சிட்டு வரிசையில இருங்க, கூப்பிடுவாங்க." எப்ப சார் கூப்பிடுவாங்க? "சீனியாரிட்டிப்படி." அப்புறம் சொல்றாரு, "அம்மா, நீங்க சொல்ற மாதிரி ஒரு பணியிடமே அரசாணையில கிடையாது. இல்லாத இடத்துக்கு நான் எப்படி ஆள் எடுக்க முடியும்?" எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். "ஆள் இல்லாத இடம்னு தெரிஞ்சுதானே சார் அவன் உள்ள வந்தான்? அவன்கிட்ட எவனாவது டிகிரி கேட்டானா, சாதிச் சான்றிதழ் கேட்டானா, சீனியாரிட்டிப்படி வாடானு சொன்னானா?"ன்னேன். பக்கத்து மேஜைக்காரங்க எல்லாம் சிரிச்சாங்க. கண்ணாடிக்காரரு சிரிக்கலை. "கத்துனா அரசாணை மாறாதும்மா"ன்னாரு.

படிப்பா? ஏன் பாதியில நின்னுச்சுனா? அதையும் எழுதணுமா? எழுதிக்கோங்க, எழுதிக்கோங்க, நல்லா எழுதுங்க. என் வயித்தெரிச்சல்ல பெரிய பங்கு அந்தக் காலேஜுக்குத்தான்.

ரெண்டாவது வருஷம் படிச்சிட்டு இருந்தா. அந்தக் காலேஜு கம்ப்யூட்டர்ல பிள்ளைங்க மார்க்கு, போன் நம்பரு எல்லாம் திறந்து கிடந்துச்சாம். வாத்தியார்கிட்ட சொல்லியிருக்கா, கேட்கலை. அதனால இவ உள்ள போய், காலேஜோட முதல் பக்கத்துல, 'கதவு திறந்திருக்கிறது, மூடவும்'னு கோலம் போட்ட மாதிரி அழகா எழுதி வச்சிட்டா. அவ்வளவுதான். ஒரு மார்க்கைத் தொடலை. பிரின்ஸ்பால் எங்களைக் கூப்பிட்டுவிட்டான். "மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதிக் குடுக்கட்டும், பரீட்சை எழுதலாம், இதோட விட்டுடறோம்"ங்கிறான். கோமதி, "எழுதிக் குடுத்துடறேன்மா, ஒரு நிமிஷ வேலை"ங்கிறா. பேனாவைக்கூட எடுத்துட்டா. நான் விடுவேனா? எதுக்கு மன்னிப்பு? என் மக திருடியா? திறந்து கிடந்த வீட்டைப் பூட்டுனு சொன்னது குத்தமா? "குடுங்கய்யா டிசியை!"ன்னேன். மேஜையைத் தட்டிக் கேட்டேன். இவரு என் முந்தானையைப் பிடிச்சு இழுக்கிறாரு, அந்த ஆளு, "அம்மா, ரெண்டு நாள் கழிச்சு வாங்க, யோசிச்சு முடிவு பண்ணலாம்"ங்கிறான். யோசிக்க என்ன இருக்கு? கையோட வாங்கிட்டுத்தான் வெளிய வந்தேன். பஸ்ஸுல ஊர் வர்ற வரைக்கும் அழுதுட்டே வந்தா. சின்னப்பிள்ளை, மானம்னா என்னனு தெரியாத வயசு.

இப்பச் சொல்லுங்க. அந்த ஒரு டிகிரிப் பேப்பர் இல்லைனு எத்தனை ஆபீஸ்ல விரட்டிட்டாங்க! ஒரு துண்டுப் பேப்பருக்காக ஒரு பொண்ணோட வாழ்க்கையைக் கெடுப்பாங்களா மனுஷங்க? கெடுக்கிறாங்களே!

நீங்க ஏங்க தலையில கையை வைக்கிறீங்க? தலைவலினா போய்ப் படுங்க.

கேளுங்க ஏட்டையா. அந்த மேடம் விடலை. அவங்களே அலசி அலசிப் பார்த்து, பத்தாவது பாஸானவங்களுக்கு இருக்கிற ஒரே காலி இடத்தைக் கண்டுபிடிச்சாங்க. தட்டச்சர். பேருக்குத் தட்டச்சர், உட்காருறது சைபர் பிரிவு. சரி, நல்லதுதானேன்னேன். அப்பத்தான் கண்ணாடிக்காரரு சொல்றாரு, "டைப்ரைட்டிங் பரீட்சை பாஸ் பண்ணியிருக்கணும். கம்ப்யூட்டர்ல இல்லை. மெஷின்ல."

மெஷின்ல ஏட்டையா! டக்கு டக்குனு அடிக்கிற அந்த இரும்பு மெஷின்ல! பாம்பு பிடிக்கிறவனைக் கூட்டிட்டு வந்து, முதல்ல உனக்குப் பூத்தொடுக்கத் தெரியுமானு கேட்ட கதை.

பஜார்ல மாடியில இருக்குதுல்ல டைப் இன்ஸ்டிடியூட், அங்க சேர்த்துவிட்டோம். இவ விரல் எல்லாம் கம்ப்யூட்டர் விரல். பறக்கும். இவ அடிக்கிற வேகத்துக்கு உள்ள இருக்கிற கம்பியெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிப் பின்னிக்கிட்டு நின்னுடும். அதைப் பிரிச்சு விடுறதுக்குள்ள அரைப்பக்கம் போயிடும். அந்த மாஸ்டர், "பாப்பா, இதை ஏன் அடிக்கிற? தடவிக்குடு"ங்கிறாரு. வீட்டுக்கு வந்து விரலை வெந்நீர்ல போட்டுட்டு உட்காருவா. முதல் பரீட்சை ஃபெயில். எதுக்கு? வேகத்துக்கு இல்லை, ஓரத்துல விட வேண்டிய இடத்தைச் சரியா விடலையாம்! அடுத்த பரீட்சைக்கு ஆறு மாசம் உட்கார்ந்திருந்தோம்.

அந்த ஆறு மாசத்துக்குள்ளதான், மாசியில, அந்தப் பூட்டுப் போட்டவன் மறுபடி வந்தான். அது ஊருக்கே தெரியாது. பேப்பர்லயும் வரலை. நான் சொல்றேன் கேளுங்க. மேடம் மெட்ராஸ்ல இருந்து பதறிப்போய் போன் பண்றாங்க, "கோமதி, ஓடு, தண்ணி ஆபீஸுக்கு ஓடு, நான் வந்து சேர முடியாது"னு. இவரு ஆட்டோவுல ஆளை இறக்கி விட்டுட்டு எங்களை ஏத்திக்கிட்டுப் போறாரு. கேட்ல வாட்ச்மேன் விடலை. போன தடவை அவன் புகுந்தான்ல, அதுக்கு அப்புறம் பாதுகாப்பைப் பலப்படுத்திட்டாங்களாம். எப்படி? ஊழியர் அல்லாதோர் உள்ளே வரக் கூடாதுனு போர்டு மாட்டியாச்சு! அவன் என்ன கேட் வழியாவா வந்தான்? வாட்ச்மேன் சொல்றான், "பாப்பா யாருனு எனக்குத் தெரியும்கா. அடையாள அட்டை இருந்தா நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன்."

கடைசியில சைக்கிள் ஸ்டாண்டுல, பெட்ரோல் நாத்தத்துல தரையில உட்கார்ந்து, என் போன்ல இருந்து உள்ள இருக்கிற இஞ்சினியருக்குச் சொல்லிக்குடுத்தா. தண்ணியில மருந்து கலக்குற மெஷினு இருக்குல்ல, குளோரின், அதோட அளவை எவனோ அங்கிருந்துக்கிட்டே ஏத்திக்கிட்டே போறானாம். இவ, "சார், கம்ப்யூட்டரை விட்டுடுங்க! ஓடிப்போய் கையால வால்வை மூடுங்க! கையால!"னு கத்துறா. அந்த மனுஷன் ஓடினாரு, அதைச் சொல்லணும், செருப்பு கழண்டு விழுந்ததுகூடத் தெரியாம ஓடினாரு. மூடிட்டாரு. இல்லைனா இந்த ஊரு அன்னைக்கு எதைக் குடிச்சிருக்கும்? நீங்களும்தான் ஏட்டையா. உங்க வீட்டுப் பிள்ளைங்களும்தான்.

பெங்களூர்ல ஒரு கம்பெனிக்காரன் கூப்பிட்டுட்டே இருக்கான். டிகிரியே கேட்கலை. நான், "போடி"ன்னேன். "அவன் கடைக்குக் காவல் நிக்க ஆயிரம் பேர் கிடைப்பாங்கம்மா. நம்ம தண்ணித் தொட்டிக்கு யாரு இருக்கா?"ங்கிறா. மாசிக்கு அப்புறம் அவளுக்கு வேற நினைப்பே கிடையாது. சோறு இறங்கலை. அவன் மறுபடி வருவான், அப்ப நான் உள்ள இருக்கணும், கேட்ல இருக்கக் கூடாது, இதையே சொல்லுவா. ரெண்டாவது பரீட்சையில பாஸாயிட்டா. எல்லாம் முடிஞ்சுது. உங்க ஸ்டேஷன் ரிப்போர்ட் ஒண்ணுதான் பாக்கி, நல்ல பொண்ணு, எந்த வில்லங்கமும் இல்லைனு நாலு வரி. அது போயிட்டா திங்கக்கிழமை ஆர்டர் கையில வந்துடும். அது கிடைக்கலைனா அவ உடைஞ்சே போயிடுவா ஏட்டையா. நானும்தான். அதனாலதான் சொல்றேன், ஒண்ணையும் விடாம எழுதுங்க.

என்ன கேட்டீங்க? ஆடி மாசமே அவளுக்கு எப்படித் தெரியும்னா? பார்த்தீங்களா, இதைக் கேட்கிறதுக்கு ஒரு மூளை வேணும். கண்ணாடிக்காரருக்குக் கேட்கத் தோணலை. உள்ள போய்ப் பார்த்தா, தெரிஞ்சுது! இந்தக் கட்டில்ல உட்கார்ந்து, காலை நீட்டிக்கிட்டு, அந்தத் தண்ணி ஆபீஸு கம்ப்யூட்டருக்குள்ள போயிட்டு வந்தா. எந்தத் தொட்டியில எவ்வளவு தண்ணி நிக்குதுனு எனக்கே காட்டினா. மெயில்கூட என் போன்ல இருந்துதான் போட்டா, அவ போன் ரிப்பேருக்குப் போயிருந்துச்சு. அனுமதியா? திறந்து கிடக்குற இடத்துக்கு என்ன அனுமதி?

சும்மா இருமாதீங்க! ஏட்டையா, இவரு ஏன் இருமுறாருனா, மேடம் ஒரு வார்த்தை சொல்லி வச்சிருக்காங்க. "நீ முன்னாடியே உள்ள போய்ப் பார்த்தேங்கிறதை நான் எங்கேயும் எழுதலை, நீயும் யார்கிட்டயும் சொல்லிக்காதே, அந்த மெயில் என்கிட்டயே இருக்கட்டும்"னு. அது வெளியாளுக்குச் சொல்லக் கூடாதுனு சொன்னது. நீங்க வெளியாளா? மேடமும் போலீஸ், நீங்களும் போலீஸ். ஒரு வீட்டு மனுஷங்களுக்குள்ள என்ன ஒளிவுமறைவு? மேடம் பேரா? எழுதிக்கோங்க, சொல்றேன். நல்லது செஞ்சவங்க பேரு நாலு பேருக்குத் தெரியணும்.

இந்த மாதிரி வேற எங்கேயாவதா? ஏகப்பட்ட இடம் ஏட்டையா! பேங்கு, பஸ் டிக்கெட்டு, எல்லாத்துலயும் எங்க ஓட்டைனு அவளுக்குத் தெரியும். போவா, பார்ப்பா, சொல்லுவா, வந்துடுவா. ஒண்ணை எடுத்ததில்லை. உங்க ஸ்டேஷனையே எடுத்துக்கோங்களேன். கேமரா வச்சிருக்கீங்கள்ல, அதுக்கு கம்பெனிக்காரன் குடுத்த பாஸ்வேர்டுதான் பூட்டாம், யாரும் மாத்தவே இல்லையாம். கோமதி போன்ல காட்டினா. நான் என் கண்ணால பார்த்தேன். ஒரு பெரியவரு, முன்னந்தலை வழுக்கை, மேஜை மேல ரெண்டு காலையும் தூக்கிப் போட்டுக்கிட்டு பேனா மூடியால காதைக் குடைஞ்சுட்டு இருந்தாரு. வெளிய ஒரு பொம்பளை மனுவை வச்சுக்கிட்டு நிக்கிறா, இவரு குடையறாரு, குடையறாரு. எனக்குச் சிரிப்பு தாங்கலை. யாரு அவரு?

அடி ஆத்தி, இன்ஸ்பெக்டர் ஐயாவா! அவருகிட்டயும் சொல்லிடுங்க, பூட்டை மாத்தச் சொல்லி. எங்க கோமதியே வந்து மாத்திக் குடுப்பா.

என்ன ஏட்டையா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? தண்ணி வேணுமா? வேகமா எழுதுறீங்களே, கை வலிக்கப் போகுது. பாருங்க, பக்கம் பக்கமா எழுதுறாரு! மரகதம் மக பாஸ்போர்ட்டுக்கு வந்தப்போ நாலு வரியோட போயிட்டாங்க. எங்க கோமதிக்குனா எழுத எவ்வளவு இருக்கு!

இருங்க, போன் அடிக்குது. அவதான். ஹலோ, கோமதி? ஆமாடி, ஏட்டையா வந்திருக்காரு. ரொம்பத் தங்கமான மனுஷன், பொறுமையா எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கிட்டாரு. நீ அரக்கப்பரக்க ஓடி வர வேண்டாம். என்ன சொன்னேனா? எல்லாந்தான். காலேஜு, தண்ணி ஆபீஸு, மேடம் சொன்னது, அவங்க ஸ்டேஷன் கேமரா, ஒண்ணு விடலை. ஹலோ? கோமதி? ஏன்டி, சத்தமே வரலை?

லைன் கட்டாயிடுச்சு போல.

நான் சொன்னதா எழுதி, நானே கையெழுத்துப் போடணுமா? போட்டாப் போச்சு. படிச்சுக் காட்ட வேண்டாம் ஏட்டையா, நான் சொன்னதைத்தானே எழுதியிருப்பீங்க. எட்டாவதோட நிறுத்திட்டாங்க என்னை, ஆனா கையெழுத்து நல்லா வரும். ஏங்க, விடுங்க. என்ன இது, ஏட்டையா முன்னாடி கையைப் பிடிச்சுக்கிட்டு? இத்தனை நேரம் ஒரு வார்த்தை பேசலை, பிள்ளைக்கு ஒரு நல்லது நடக்கும்போது மட்டும் குறுக்க வருவீங்களா? விடுங்கனா.

பேனாவைக் குடுங்க ஏட்டையா. எங்க போடணும், இந்தக் கோட்டுக்கு மேலயா?